ஏறும்போதா, இறங்கும்போதா?

மேட்டில் கேட்ட சத்தம் ஒர்க்‌ஷாப் வாசலில் கேட்பதில்லை. பைக் இன்ஜினின் கோளாறைக் காதால் பிடிக்கும் வழிகளைப் போனக்காட்டு மலைப்பாதை கற்றுத்தருகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் போனக்காட்டுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விதுரை வரை கடைகளும் வீடுகளும் விட்டுப்போகாமல் கூடவே வருகின்றன. அதற்கு மேலே காணித்தடம் வனத்துறைச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் காடுதான். ரோடு குறுகிவிடும். வளைவுக்குப் பின் வளைவு, மழை அரித்த குழி, பெயர்ந்து கிடக்கும் ஜல்லி. பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய பகுதி என்பதால் யானை நடமாட்டமும் உண்டு. ஏறி முடித்தால், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில், மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையும் அதைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களும். தமிழர்கள் பொதிகை என்று கொண்டாடும் மலை இந்த அகத்தியர்கூடம்தான். மறுபக்கம் இறங்கினால் பாபநாசம்.

தோட்ட வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்த மலையில் வாழ்கின்றன. தொழிற்சாலை நின்றுபோன பிறகு வேலை தேடிக் கீழே போக வேண்டிய நிலை. ரேஷன் அரிசியும் கேஸ் சிலிண்டரும் கீழே இருந்துதான் வர வேண்டும். ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் கீழேதான் போக வேண்டும். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் வரும் நேரம் போக, மற்ற நேரத்தில் பைக்தான் கதி. பெரும்பாலும் நூறு சிசி வண்டி. அதில் இரண்டு பேர், சில சமயம் மூட்டையும் சேர்த்து.

இப்படிப்பட்ட பாதையில் இன்ஜினிலிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தால் அதை அலட்சியப்படுத்த முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு யானைத்தாரையில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போவதற்கு ஊர் இல்லை. ஆனால் மறுநாள் விதுரைக்கோ நெடுமங்காட்டுக்கோ கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால், அங்கே சமதரையில், ஸ்டாண்டு போட்ட நிலையில், பாரமில்லாமல் ஓடும் இன்ஜின் சமர்த்தாக இருக்கும். மெக்கானிக் ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்கிப் பார்ப்பார். பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. 'ஒண்ணுமில்லை, ஓட்டுங்க' என்று அனுப்பிவிடுவார். இல்லாவிட்டால் 'இன்ஜின் பிரிக்கணும்' என்று சொல்லிவிடுவார். முதலாவது ஆபத்து, இரண்டாவது செலவு.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சத்தம் பிறந்த இடத்தில் அவர் இல்லை. ஓட்டியவர்தான் இருந்தார். ஆகவே நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி ஓட்டுபவருடையது. இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

முதலில் எப்போது, அப்புறம் எங்கே

சத்தம் கேட்டதும் எல்லாரும் குனிந்து 'எங்கேயிருந்து வருது' என்று தேடுகிறார்கள். இன்ஜின் முழுக்க ஒரே உலோகம். ஒரு மூலையில் எழும் சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். எனவே இடத்தைத் தேடுவதற்கு முன், அது எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, சூட்டைப் பொறுத்து மாறுகிறதா? காலையில் கிக்கர் அடித்ததும் கேட்டு, சூடானதும் மறைகிறதா? அல்லது சூடான பிறகுதான் தொடங்குகிறதா?

இரண்டு, பாரத்தைப் பொறுத்து மாறுகிறதா? ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது வருகிறதா, இறக்கத்தில் மூடும்போது வருகிறதா?

மூன்று, இன்ஜின் சுற்றோடு போகிறதா, சக்கரத்தோடு போகிறதா? ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஒரு நொடி கிளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் தணிந்த பிறகும் சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால் அது இன்ஜினே இல்லை. செயின், ஸ்ப்ராக்கெட், சக்கர பேரிங், பிரேக் டிரம் இவற்றில் ஒன்று. இந்தச் சோதனையை இறக்கத்தில் செய்ய வேண்டாம்.

நான்கு, நியூட்ரலில் நின்றபடி கிளட்ச்சைப் பிடித்தால் என்ன ஆகிறது? சத்தம் அடங்கினால் கிளட்ச் ஹவுசிங்கையோ கியர் பாக்ஸ் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். பிடிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச்சைத் தள்ளும் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

இந்த நான்குக்கும் பதில் தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் பாதிக்குமேல் குறைந்துவிடும். ஸ்பேனரைத் தொடவே வேண்டியதில்லை.

இன்ஜினுக்கு வெளியே

குழியும் ஜல்லியுமான பாதையில் முதலில் தளர்வது போல்ட்டுகள். இன்ஜினைச் சேஸியோடு பிடித்திருக்கும் போல்ட் ஒன்று லூசானால் வண்டி முழுக்க அதிரும். பெரிய கோளாறு போலவே தோன்றும். சைலென்சர் மேலிருக்கும் தகட்டு மூடி, செயின் கவர், நம்பர் பிளேட் எல்லாம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கடகடக்கும். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது, சைலென்சரைத் தொட்டுவிடாமல், துணி சுற்றிய கையால் ஒவ்வொரு தகடாக அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காற்றால் குளிரும் இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய ஃபின்கள் இருக்கும். சில வண்டிகளில் அவற்றுக்கிடையே சிறு ரப்பர் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். ஃபின்கள் அதிர்ந்து கணகணக்காமல் இருக்கத்தான் அது. வருஷக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகிப் போய் விழுந்துவிட்டால் இன்ஜின் சத்தம் திடீரென்று கூர்மையாகும். உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது பெண்ட் பைப் லீக். சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் கேஸ்கெட் போய்விட்டால் புகை அந்த இடுக்கில் 'சட் சட்' என்று அடிக்கும். அச்சு அசலாக டப்பெட் சத்தம் போலவே இருக்கும். அந்த இணைப்பில் கரி படிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இணைப்பின் பக்கம் கொண்டுபோனால் லீக் இருக்கும் இடத்தில் சத்தம் சட்டென்று பெரிதாகும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடும்போது சைலென்சரில் 'படபட' என்று வெடிப்பதற்கும் பல நேரம் இந்த லீக்தான் காரணம்.

டப்பெட்: சத்தம் வேண்டாம் என்பவர்களுக்கு

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. ஸ்லோ ஸ்பீடில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் கிராங்க் நொடிக்கு 25 தடவை, கேம் பன்னிரண்டரை தடவை. அதனால்தான் டப்பெட் சத்தம் இன்ஜின் ஓட்டத்தைவிட நிதானமாக, லேசாக, 'டிக் டிக்' என்று மேலேயிருந்து கேட்கிறது. கிராங்கோடு சேர்ந்த சத்தம் அதைவிட இரண்டு மடங்கு வேகமாகவும் கனமாகவும் கீழேயிருந்து வரும். கொஞ்ச நாள் பழகினால் காது இந்த இரண்டையும் பிரித்துவிடும்.

வால்வின் முனைக்கும் ராக்கருக்கும் நடுவே, இன்ஜின் ஆறியிருக்கும்போது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய டப்பெட் இடைவெளி இருக்க வேண்டும். சூடானால் வால்வு நீளும்; அதற்கான இடம் அது. இடைவெளி கூடினால் டிக் டிக். சத்தமும் கொஞ்சம் இழுவைக் குறைவும் தவிர உடனடி ஆபத்தில்லை. இடைவெளி குறைந்தால்தான் ஆபத்து. வால்வு முழுதாக மூடாது. வால்வின் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குவது, பெரும்பாலும் மூடியிருக்கும் அந்தக் கணத்தில் வால்வு சீட்டின் வழியாகத்தான். மூடாத எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கம்ப்ரஷன் போகும். மேடு ஏறாது. இத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும்.

'சத்தமே கேட்கக் கூடாது' என்று வாடிக்கையாளர் அடம்பிடிக்கும்போது, சில இடங்களில் டப்பெட்டைத் தேவைக்கு மேல் இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். வண்டி அமைதியாகிறது, வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு போகிறார். சில மாதத்தில் வால்வு மாற்ற வேண்டிய நிலை. அளவான டிக் டிக் ஆரோக்கியத்தின் அடையாளம் என்பதை ஓட்டுபவர் ஒப்புக்கொள்ளாதவரை இந்தத் தவறு நிற்காது.

டப்பெட் வைப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். நல்ல மெக்கானிக் சூட்டோடு தொடமாட்டார். ராக்கருக்கு மேலிருக்கும் இரண்டு வட்ட மூடிகளைக் கழற்றுவார். பக்கவாட்டு மூடியைத் திறந்து ஸ்பேனர் போட்டுக் கிராங்கைச் சுற்றி, மேக்னட்டில் உள்ள 'டி' குறியைக் கேஸில் உள்ள குறியோடு சேர்ப்பார். இப்போது இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் பிஸ்டன் மேலே இருந்தாலும் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்; இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்து, எண்ணெய்ப் பசையோடு லேசாகப் பிடித்து இழுபடும் அளவுக்கு ஸ்க்ரூவைத் திருப்பி, நட்டை இறுக்குவார். இறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டை விட்டுப் பார்ப்பார், ஏனென்றால் நட்டை இறுக்கும்போதே அளவு மாறக்கூடும். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்கிறவரிடம் வண்டியை நம்பி விடலாம்.

ஏற்றத்தில் கிணுகிணுப்பு, இறக்கத்தில் கரகரப்பு

பின்னால் ஆள், முன்னால் மூட்டை, நாலாவது கியர். பெட்ரோல் மிச்சமாகும் என்று கியரைக் குறைக்காமலே வளைவில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுகிறோம். இன்ஜினிலிருந்து கோலிக்குண்டுகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற கிணுகிணுப்பு. இதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ ஒழுங்காகப் பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி பிஸ்டனின் தலையையும் ரிங் உட்காரும் விளிம்பையும் அரித்துவிடும்.

மருந்து உடனே கையில் இருக்கிறது: கியரைக் குறையுங்கள். இன்ஜின் சுற்று கூடி, ஒவ்வொரு வெடிப்பின் பாரமும் குறையும். கியர் குறைத்தும் நிற்காவிட்டால் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் கரி படிந்து கம்ப்ரஷன் கூடியிருக்கலாம். கார்பரேட்டர் இணைப்பில் காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்திருக்கலாம். வண்டிக்குப் பொருந்தாத பிளக் போட்டிருக்கலாம். ஃபின்களில் சேறு அப்பிச் சூடு இறங்காமல் இருக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் மலைவண்டிகளின் ஃபின்களைக் கழுவிச் சுத்தம் செய்வது இதற்காகவே அவசியம்.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, கியரில் இறங்கும்போது 'கரகர'வென்று சிலிண்டரின் பக்கவாட்டிலிருந்து கேட்டால் டைமிங் செயினைச் சந்தேகிக்கலாம். கிராங்கிலிருந்து கேமை ஓட்டும் அந்தச் செயின் நீண்டுபோய், டென்ஷனர் தேய்ந்திருந்தால், சுற்று ஏறி இறங்கும் நொடியில் உள்ளே அடிக்கும். சில நாள் தள்ளிப்போடலாம். சில மாதம் முடியாது. செயின் பல் தாண்டிவிட்டால் வால்வு திறக்கும் நேரமே தவறி, வண்டி நடுவழியில் நிற்கும்.

மலையின் குளிர்ந்த காலையில் கிக்கர் அடித்ததும் மந்தமாக 'டொக டொக' என்று கேட்டு, சற்று நேரத்தில் அடங்கினால் அது பிஸ்டன் போரில் ஆடும் சத்தம். பிஸ்டன் அலுமினியம், பல வண்டிகளில் போர் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடானதும் இடைவெளி குறைந்து சத்தம் மறைகிறது. புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் அவசரம் இல்லை. சூடான பிறகும் தொடர்ந்தால் போரை அளந்து பார்க்கும் காலம் வந்துவிட்டது.

இந்தச் சத்தத்துக்கு நிறுத்துங்கள்

கீழேயிருந்து, கிராங்க் கேஸின் நடுவிலிருந்து, கனமாக 'டங் டங்' என்று இன்ஜின் சுற்றோடு ஒட்டி வந்து, ஆக்சிலேட்டரைப் பாதி திறந்த நிலையில் தெளிவாகக் கேட்டால் அது கனெக்டிங் ராடின் பெரிய முனை. சூடாகச் சூடாக இது கூடும். நூறு சிசி வண்டிகளில் இதைச் சரிசெய்ய கிராங்க் கேஸை இரண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மீறி ஓட்டினால் ராட் உடைந்து கேஸையே உடைக்கலாம். போனக்காட்டுப் பாதையிலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிய சத்தம் இது.

இந்த நிலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஆயில் குறைவு. நூறு சிசி இன்ஜினில் இருப்பதே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் பெரிய குறைவு. லயத்து முற்றம் சரிவாக இருக்கும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து ஆயில் கேஜை எடுத்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். சமமான இடத்தில் நடு ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் ஆயில் கீழே இறங்கியதும் பாருங்கள். பல நூறு சிசி வண்டிகளில் கேஜை மரை முறுக்காமல் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

வண்டிக்கு வண்டி

ஒரே பேச்சு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக். அதில் கேமும் டப்பெட்டும் கிடையாது. அந்த வண்டியில் 'டப்பெட் சத்தம்' என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அதில் வரும் கிலுகிலுப்பு பிஸ்டன், ரிங், அல்லது ராடின் சின்ன முனை பேரிங். மலைக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதன் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு இணைந்தது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடி கியரில் இறங்கினால், வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்கு ஆயில் குறைவாகவே போகும். அவ்வப்போது லேசாகத் திறந்து மூட வேண்டும். பழைய ஓட்டிகள் பழக்கத்தால் செய்ததற்கு இதுவே காரணம்.

1955-ல் மதராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் 346 சிசி புல்லட் இன்னொரு உலகம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் ஃபீலர் கேஜே வேண்டியதில்லை. ஆறிய நிலையில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலிருக்கும்போது, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. 2008-க்குப் பிறகு வந்த யுசிஇ இன்ஜினில் ஹைட்ராலிக் டப்பெட். ஆயில் அழுத்தமே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி டிக் டிக் என்று கேட்டு அடங்கினால் இயல்பு. அடங்காவிட்டால் டப்பெட்டைத் திருப்ப முடியாது. ஆயிலைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரும் ஸ்கேனரும்

எப்போது வருகிறது என்று தெரிந்த பிறகு, எங்கே என்று தேடலாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். முதலில் ராக்கர் மூடி, பிறகு சிலிண்டர், டைமிங் செயின் பக்கம், கிராங்க் கேஸின் இடது வலது, கிளட்ச் கவர் என்று வரிசையாக. ஓர் இடத்தில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு கட்டக் கூடாது. எல்லா இடத்திலும் கேட்டு, எங்கே கூர்மை என்று ஒப்பிட வேண்டும். சுழலும் பாகமும் பிளக் ஒயரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை இப்படிக் கேட்டு வைத்துக்கொண்டால், கெட்டுப்போகும் நாளில் வித்தியாசம் தானாகத் தெரியும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்துகொண்டது. ஸ்கேனரை மாட்டினால் எந்த சென்சார் கெட்டது என்று எழுத்தில் வரும். பெரிய உதவிதான். ஆனால் டப்பெட் லூசானாலும் டைமிங் செயின் நீண்டாலும் பேரிங் தேய்ந்தாலும் நம் சாதாரண வண்டிகளில் அந்த விளக்கு எரியாது. அவற்றைக் கேட்க அங்கே சென்சாரே இல்லை. ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக, சத்தம் கேட்டதாகச் சொல்பவரை நம்பாமல் அனுப்புவது நியாயமில்லை.

சாவியோடு கொடுக்க வேண்டியது

ஒர்க்‌ஷாப்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையிலிருந்து வரும் வண்டியை ஸ்டாண்டில் வைத்து முறுக்கிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். ஓட்டியவரைப் பின்னால் உட்காரவைத்து, பக்கத்தில் உள்ள ஒரு மேட்டில் ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். விதுரையைச் சுற்றி மேட்டுக்குப் பஞ்சமில்லை. சில நிமிட வேலை. பிரிக்க வேண்டாத இன்ஜினைப் பிரிக்காமல் காப்பாற்றும். தோட்டம் நின்று, கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது பல நாள் சம்பளம்.

ஓட்டுபவர்களிடமும் ஒன்று. 'ஏதோ சத்தம் வருது, பாருங்க' என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். ஆறியிருக்கும்போதா சூட்டிலா, ஏறும்போதா இறங்கும்போதா, கிளட்ச் பிடித்தால் அடங்குகிறதா, எத்தனை நாளாக, கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று சொல்லுங்கள். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் நல்லது. அந்த மேட்டில் உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. அடுத்தமுறை வண்டியை விடும்போது சாவியோடு சேர்த்து அந்தச் சாட்சியத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.